செலவின் பூர்வ கதை

திருக்குறளில் அறிவுடைமை என்னும் அதிகாரத்தின் இரண்டாம் குறளை உரையின் துணையின்றி முதன்முதலாகப் படிக்கின்ற இக்காலத்து வாசகர் ஒருவர், அதில் வருகின்ற 'செலவிடா' என்ற சொல்லைக் கண்டவுடனே, வள்ளுவர் இவ்விடத்தில் சிக்கனத்தைப் பற்றி ஏதோ உபதேசிக்கிறார் என்று நினைத்துக்கொள்வாராயின், அவரைக் குறை கூறுவதற்கில்லை. 'செல விடாது' என்று பிரிக்கவேண்டிய அச்சொல்லைச் 'செலவு இடாது' என்று பிரிப்பதற்கே நம்முடைய கண்ணும் காதும் பழகிப்போயிருக்கின்றன. மனத்தை அது போன இடத்துக்கெல்லாம் போகவிடாமல், தீமையினின்றும் விலக்கி, நன்மையின்பால் நடத்துவதே அறிவு என்பது அக்குறளின் தாற்பரியம். அங்கே பணத்தின் பேச்சே இல்லை. பணத்தைப் பற்றிப் பேசவேண்டிய சந்தர்ப்பம் வள்ளுவருக்கு வலியறிதல் என்ற அதிகாரத்தில் வருகிறது. வருவாய் வரும் வழி சிறிதாக இருந்தாலும், அது வெளியேறும் வழி அகலாமலிருந்தால் கேடில்லை என்று அவர் சொல்லும்போது, முன்னதை 'ஆகாறு' என்றும் பின்னதைப் 'போகாறு' என்றும் குறிக்கிறாரேயன்றி, வரவென்றும் செலவென்றும் குறிக்கவில்லை.

ஆயினும், சொல் வேறாக இருந்தபோதிலும் அதனுள்ளே இருக்கின்ற காட்சி ஒன்றுதான் என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். பொருள் நம்மை விட்டுப் போகின்ற பாதை போகாறு. பொருள் நம்மை விட்டுச் செல்லுகின்ற செயல் செலவு. இன்று மளிகைக் கடை முதல் மாநிலத்தின் கருவூலம் வரையில் புழங்கி வருகின்ற இந்தச் சொல், ஆதியில் கால்நடையாகப் போகும் மனிதனுக்கும், வானத்தில் ஊரும் சூரியனுக்கும் உரியதாக இருந்து, எவ்வாறு படிப்படியாகப் பெட்டிக்குள் இருக்கும் காசுக்கு உரியதாயிற்று என்பதை ஆராய்வதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

சங்கத் தொகைகளைப் புரட்டுகிறவர்களுக்குச் செலவு என்பது பெரும்பாலும் பிரயாணமே. பாலைத் திணையில் 'செலவழுங்கல்' என்று ஒரு துறை உண்டு. பொருள் தேடுவதற்காகப் பிரிந்துபோக நினைத்த தலைவன், தலைவியின் கண்ணீரைக் கண்டோ, அவள் வாடுவாளே என்று தன் நெஞ்சோடு வாதாடியோ, புறப்பாட்டைத் தவிர்த்து நின்றுவிடுவது அது. இன்று ஒருவர் 'செலவைத் தவிர்த்துவிட்டேன்' என்றால் நாம் புரிந்துகொள்ளுவதற்கும், அந்தத் தலைவன் தவிர்த்ததற்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். வேடிக்கை என்னவென்றால், அவன் தவிர்த்த செலவு வரவுக்காகச் செய்ய இருந்த செலவு. புறநானூற்றின் 30ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், சூரியனின் கதியையும் அதன் வேகத்தையும் வானவெளியின் அளவையும் நேரில் சென்று அளந்தவர்களைப்போலச் சொல்லவல்ல வான சாஸ்திரிகளைக் குறிப்பிடுகின்ற இடத்தில், சூரியன் செல்லும் கதிக்கு அவர் ஆளுகின்ற சொல்லும் செலவுதான். சிலப்பதிகாரத்துக் கானல்வரியில் யாழ் வாசிப்பின் எட்டுவகை இசைச் செயல்களில் ஒன்றுக்குச் செலவு என்று பெயர். நடை, கதி, இசையின் ஓட்டம் என்று இவை யாவும் இயக்கத்தைக் குறிப்பனவே.

சொற்களின் ஒலி மாறுவதற்குத் திட்டமான விதிகள் உண்டென்பதை ஐரோப்பிய மொழிநூலார் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே நிலைநாட்டிவிட்டார்கள். பொருள் மாறுவதற்கும் காரண காரியத் தொடர்பு உண்டு, அதுவும் சாஸ்திரத்துக்கு உரிய விஷயமே என்று வற்புறுத்தி, அந்தத் துறைக்கு ஒரு பெயரையும் 1883இல் இட்டவர் மிசேல் பிரேயால் என்ற பிரெஞ்சு அறிஞர். அவருடைய முழு நூல் 1897இல் வெளிவந்தது. ஒலி மாற்றத்தைப் போல அத்தனை கண்டிப்பான விதிகள் பொருள் மாற்றத்துக்கு இல்லையென்றாலும், அதற்கென்று சில பழக்கங்கள் இருக்கின்றன. கண்ணுக்குப் புலப்படுகின்ற செயலைக் குறித்த சொல், கண்ணுக்குப் புலப்படாத உறவைக் குறிக்க வருவது அவற்றுள் முதன்மையானது. ஒருவன் கையிலிருந்து மற்றொருவன் கைக்கு உடைமை மாறுகிறது என்பது கண்ணால் காணக்கூடியதன்று. நெல்மூட்டை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போவது கண்ணால் காணக்கூடியது. மனித மனம் பின்னதைப் பற்றிக்கொண்டு முன்னதைப் பேசக் கற்றுக்கொள்ளுகிறது.

தமிழைப் பொறுத்தவரையில் இந்தப் பொருள் மாற்றத்துக்கு வேண்டிய அஸ்திவாரம் எங்கே போடப்பட்டிருக்கிறது என்று தேடினால், நமக்கு விடை தருகிறவர் எந்த வணிகரும் அல்லர், தொல்காப்பியர். சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்தில், செலவு, வரவு, தரவு, கொடை என்ற நான்கு வினைகளையும் ஓரிடத்தில் கூட்டி, அவை தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூவிடங்களோடு எவ்வாறு இயைகின்றன என்பதை அவர் விதிக்கிறார். தருதலும் வருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை. எனக்குத் தந்தான், உனக்குத் தந்தான், ஆனால் அவனுக்குக் கொடுத்தான். என்னிடம் வந்தான், உன்னிடம் வந்தான், ஆனால் அவனிடம் சென்றான் என்பது இதன் விளக்கம். பேசுகின்றவனும் கேட்கின்றவனும் நிற்கின்ற இடத்தை மையமாகக் கொண்டு, அதை நோக்கிய இயக்கத்துக்கு ஒரு சொல், அதிலிருந்து விலகிய இயக்கத்துக்கு ஒரு சொல் என்று மொழிகள் பிரித்துக்கொள்ளுவதைப் பற்றி மேலை நாட்டு மொழியியலார் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மிக விரிவாக எழுதினார்கள். அமெரிக்கராகிய சார்ல்ஸ் ஃபில்மோர் 1971இல் இதைப் பற்றியே ஒரு தொடர் சொற்பொழிவு செய்தார். தொல்காப்பியர் அதைச் சில வரிகளில் முடித்துவிட்டார்.

என் அபிப்பிராயத்தில் அந்தச் சூத்திரங்களில் மிகவும் விசேஷமானது, செல்லுதலையும் கொடுத்தலையும் அவர் ஒரே பக்கத்தில் நிறுத்தியிருப்பதுதான். ஒன்று இயக்கம், மற்றொன்று ஈகை. இரண்டும் வேறு வேறு செயல்கள். ஆயினும் இரண்டுக்கும் திசை ஒன்று: நம்மை விட்டுப் பிறன்பால் போகின்ற திசை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு கணக்கேட்டைத் திறந்து பாருங்கள். ஏட்டை எழுதுகிறவன் தன்மை இடத்தில் இருக்கிறான். அவனை நோக்கி வருவது வரவு. அவனை விட்டுப் பிறரிடம் போவது செலவு. கொடைக்கும் செலவுக்கும் இலக்கணம் கற்பித்த அந்த உறவே, காசு கொடுத்தலைச் செலவு என்று அழைக்கின்ற வழக்குக்கு இடம் செய்து கொடுத்தது என்று கொள்ளுவதில் தவறில்லை. கணக்குப்பிள்ளை தொல்காப்பியம் படித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் தமிழில் பேசினால் போதும்.

கணக்கேட்டைத் திறந்தாகிவிட்டது, அதிலுள்ள மற்றச் சொற்களையும் ஒரு முறை பார்த்துவிடலாம். வரவு வருகிறது. செலவு செல்கிறது. கடன்பட்டவன் இன்னும் கொடாதிருக்கின்ற தொகை 'நிலுவை', அது நிற்கிறது. கையில் எஞ்சிய தொகை 'இருப்பு', அது இருக்கிறது. ஒருவர் பெயரில் எடுத்துக்கொண்டது 'பற்று', அது பற்றப்பட்டது. வருதல், செல்லுதல், நிற்றல், இருத்தல், பற்றுதல் என்று மனிதனுடைய உடம்பு செய்யக்கூடிய சாமானியமான செயல்களின் பெயர்களே தமிழனுடைய கணக்கியல் முழுவதையும் தாங்கிக்கொண்டிருக்கின்றன. ஐந்தொகை, பேரேடு, குறிப்பேடு என்ற ஏட்டுப் பெயர்களைத் தவிர்த்துப் பார்த்தால், இந்தச் சாஸ்திரத்தின் கலைச்சொற்களில் குழந்தைக்குத் தெரியாத வினை ஒன்றுகூட இல்லை. நம் கணக்கேட்டில் நிரந்தரமாகக் குடியேறிய அந்நியர் ஒருவர் 'பாக்கி'. அரபு மொழியிலிருந்து வந்த அவருக்கும் அர்த்தம் 'எஞ்சி இருப்பது' என்பதே.

செல்வதற்கும் நிற்பதற்கும் உள்ள வேறுபாட்டை நம் முன்னோர்கள் எவ்வளவு கூர்மையாக உணர்ந்திருந்தார்கள் என்பதற்குக் கோயிற் கல்வெட்டுகள் சாட்சியம் கூறுகின்றன. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வரகுண பாண்டியனின் அம்பாசமுத்திரத்துக் கல்வெட்டு, 290 காசுகளைச் சபையாரிடம் ஒப்படைத்து, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு கலம் வீதம் 580 கலம் நெல்லைப் பொலியாகப் பெற்று, அதனைக்கொண்டு நித்திய வழிபாட்டை நடத்தும்படி ஏற்பாடு செய்கிறது. முதல் கெடலாகாது, பொலி மட்டுமே செலவாகலாம் என்பது இத்தகைய தர்மங்களின் அடிப்படை. தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் ஒரு நந்தாவிளக்குக்கு நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளப்பதற்காக 96 ஆடுகளை விட்டு, அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்று கல்லில் வெட்டினார்கள். ஆடு சாகாமலும் மூப்படையாமலும் இருக்குமா என்று கேட்பவருக்கு, சாகின்ற ஆட்டுக்குப் பதிலாக ஈன்ற குட்டியைச் சேர்த்துக்கொண்டு தொகை 96 என்றே நிற்கும்படி இடையர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது விடை. நெய் செல்லும், மந்தை நிற்கும். நவீனப் பொருளாதார நூல்கள் மூலதனம் என்றும் நடப்புச் செலவு என்றும் பல பக்கங்களில் விளக்குகின்ற ஒரு பேதத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிய வேறொரு வாசகத்தை நான் கண்டதில்லை.

செலவைச் செல்லுதலாகக் கண்டது தமிழருடைய தனிச் சொத்தா என்ற கேள்வி இங்கே எழுவது இயல்பு. இல்லை என்பதே உண்மை. அதுதான் இந்த விஷயத்தைச் சாஸ்திரத்துக்குரியதாக ஆக்குகிறது. வடமொழியில் வருவாய்க்கு 'ஆயம்', செலவுக்கு 'வ்யயம்'. இரண்டும் 'இ' என்ற ஒரே தாதுவிலிருந்து பிறந்தவை. அத்தாதுவுக்குப் 'போதல்' என்பது பொருள். 'ஆ' என்ற உபசர்க்கம் சேர்ந்தால் இங்கே வருதல். 'வி' என்ற உபசர்க்கம் சேர்ந்தால் பிரிந்து போதல். இந்த வ்யயமே தமிழில் 'விரயம்' என்று உருமாறி, ஜோதிடர்களின் பன்னிரண்டாம் வீட்டில் விரய ஸ்தானமாக அமர்ந்து, பலருடைய தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. அறுபது ஆண்டுகளின் வரிசையில் இருபதாவதான 'விய' என்பதும் அதுவே. செலவாகாதது, குறைவுபடாதது என்ற அர்த்தத்தில் விஷ்ணு ஸஹஸ்ரநாமம் பகவானை 'அவ்யயன்' என்கிறது. வேற்றுமையும் எண்ணும் சேர்ந்தாலும் உருத்திரியாத சொற்களை வடமொழி வையாகரணர்கள் அதே பெயரால் அழைத்தார்கள். கடவுளுக்கும் இடைச்சொல்லுக்கும் ஒரே பட்டம்!

அரபு மொழியில் 'கரஜ' என்றால் வெளியே போனான் என்று பொருள்; அந்த வேரிலிருந்து பிறந்த 'கர்ஜ்' செலவு. உள்ளே புகுதலைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த 'தக்ல்' வருமானம். அரபியிலிருந்து பாரசீகத்துக்குச் சென்று, பாரசீகத்திலிருந்து நம் நாட்டுக்கு வந்த அந்தச் சொல்தான் ஹிந்தியின் 'கர்ச்', தெலுங்கரும் கன்னடியரும் சொல்லுகின்ற 'கர்ச்சு'. வருமானத்தைக் குறிக்கும் 'ஆம்தனி' என்ற ஹிந்திச் சொல்லோ, வருதலைக் குறிக்கும் 'ஆமதன்' என்ற பாரசீக வினையின் வழிவந்தது. திராவிடம், இந்தோ-ஐரோப்பியம், செமிட்டிக் என்று ஒன்றோடொன்று பிறப்புரிமைச் சம்பந்தம் நிலைநாட்டப்படாத மூன்று மொழிக் குடும்பங்கள், ஒரே காட்சியைக் கண்டு ஒரே விதமாகப் பெயரிட்டிருக்கின்றன. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதிக்கொண்டது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது. ஓரிடத்தில் இருந்துகொண்டு பொருள்கள் தன்பால் வருவதையும் தன்னை விட்டுப் போவதையும் பார்க்கின்ற எந்த மனிதக் கூட்டத்துக்கும் இந்த எண்ணம் தானே உதிக்கக்கூடியது.

உலகம் முழுவதும் இப்படித்தான் என்றும் துணிந்துவிடக் கூடாது. ரோமானியர்கள் உலோகத்தை நிறுத்துக் கொடுத்து வாழ்ந்தவர்கள். அவர்களுடைய லத்தீனில் நிறுத்துக் கொடுத்தலைக் குறித்த 'எக்ஸ்பெண்டெரே' என்ற வினையிலிருந்தே ஆங்கிலத்தின் 'எக்ஸ்பென்ஸ்' வந்தது. தராசின் வாடை அதில் இன்னும் இருக்கிறது. 'காஸ்ட்' என்ற சொல்லின் கதை இன்னும் விநோதமானது. அதன் மூலம் 'கான்ஸ்டாரே' என்ற லத்தீன் வினை. அதற்கு அர்த்தம் 'உறுதியாக நிற்றல்'. இன்ன தொகையில் இந்தப் பண்டம் நிற்கிறது என்று ரோமாபுரிக் கடைக்காரன் சொன்னது, பிரெஞ்சின் வழியாக ஆங்கிலத்தை அடைந்து, இன்று உலகெங்கும் வழங்குகிறது. நாம் செல்லுதல் என்று கண்டதை அவர்கள் நிற்றல் என்று கண்டார்கள். முரண்பாடு போலத் தோன்றினாலும், உற்று நோக்கினால் இருவரும் வெவ்வேறு பொருள்களைப் பார்த்தார்கள் என்பது விளங்கும். தமிழன் தன் கையை விட்டுப் போகின்ற காசைப் பார்த்தான். ரோமானியன் பேரம் ஓய்ந்தபின் பண்டம் வந்து நின்ற தொகையைப் பார்த்தான்.

திராவிட மொழிகளுக்குள்ளேயே இந்தச் 'செல்' என்ற அடி செய்திருக்கும் பிரயாணமும் சுவையானது. மலையாளத்தில் 'செலவு' நம்முடைய செலவேதான். கன்னடத்தில் 'ஸல்லு' என்பது உரியதாதல், செல்லுபடியாதல். 'ஸல்லிஸு' என்பது செலுத்துதல், ஒப்படைத்தல். தெலுங்கில் 'செல்லு' என்பதும் 'செல்லிஞ்சு' என்பதும் இவற்றுக்கு இணையானவை. ஆனால் அதே தெலுங்கில் 'ஸெலவு' என்று சொல்லிப் பாருங்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் குதூகலிப்பார்கள், ஏனெனில் அங்கே அது விடுமுறை. ஒருவரிடம் விடைபெற்றுக்கொள்ளும்போது சொல்லுகின்ற சொல்லும் அதுவே. செல்லுவதற்கு அனுமதி என்ற வழியாக அந்தப் பொருள் வந்தது. ஒரே வேரில் பிறந்த ஒரே உருவமுள்ள சொல், தமிழ் வீட்டில் மாதக் கடைசியின் கவலையாகவும், எல்லை தாண்டிய வீட்டில் மகிழ்ச்சியாகவும் இருக்கிறது.

காசு 'செல்லும்', 'செல்லாது' என்று நாம் சொல்லுவதும் இதே பழைய பொருளின் எச்சம்தான். கைக்குக் கை நடந்து போகக்கூடிய நாணயம் செல்லும் காசு. எவரும் வாங்க மறுப்பதால் நின்றுவிட்ட நாணயம் செல்லாக் காசு. ஆங்கிலேயர் பணப் புழக்கத்துக்கு இட்ட 'கரன்ஸி' என்ற பெயரும் ஓடுதலைக் குறித்த லத்தீன் வினையின் வழி வந்தது என்பது இங்கே ஒத்து நோக்கத்தக்கது. 1946லும் 1978லும் பெருந்தொகை நோட்டுகள் செல்லாதவை ஆக்கப்பட்டபோது அதை உணர்ந்தவர்கள் சிலரே. 2016 நவம்பர் 8ஆம் நாள் இரவு 500 ரூபாய், 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, சங்க காலத்துப் பாலைநிலத் தலைவனுக்கு உரியதாக இருந்த அந்த வினை, நாட்டிலுள்ள ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்தின் வாயிலும் ஒரே இரவில் ஏறியது.

'செல்வம்' என்பதும் செல்லுவதால் வந்த பெயர்தானே, 'செல்வோம்' என்று அது தானே எச்சரிக்கிறதே என்று சிலர் கேட்பதுண்டு. உபந்நியாசத்துக்கு அது அழகான வாக்கியம், மொழிநூலுக்கு ஆகாது. கன்னடத்தில் செல்லுதலின் இனச்சொல் 'ஸல்லு' என்று ஸகரத்தோடு தொடங்க, செல்வத்தின் இனமாக ஒப்பியல் அறிஞர்கள் காட்டுகின்ற 'செலுவு' என்ற சொல்லோ 'பச்சை' என்பதில் ஒலிப்பதைப் போன்ற வல்லோசைச் சகரத்தோடு தொடங்கி, அழகு என்ற பொருளைத் தருகிறது. செழுமையிலிருந்து அழகுக்கும் செல்வத்துக்கும் வழி உண்டு. நடையிலிருந்து அழகுக்கு வழி காண்பது கடினம். ஒலி ஒத்திருப்பது உறவுக்குச் சாட்சியமாகாது.

இந்த எச்சரிக்கையோடு, செலவின் அண்டை வீட்டுக்காரராகிய 'விலை' என்ற சொல்லையும் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். நில் என்பதிலிருந்து நிலை, கொல் என்பதிலிருந்து கொலை, கொடு என்பதிலிருந்து கொடை என்பனபோல, வில் என்ற வினையடியோடு ஐகார விகுதி சேர்ந்து விலை ஆயிற்று. விற்றல் என்பதே அதன் முதற்பொருள். விற்பதற்குரிய தொகை என்பது பின்னர் ஏற்பட்டது. அம்பெய்கின்ற வில்லுக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. ஆங்கிலத்தின் 'வால்யூ'வுக்கும் இதற்கும் உறவு கற்பிக்கின்றவர்களை, அதிலும் தெலுங்கின் 'விலுவ'வை எடுத்துக் காட்டுகின்றவர்களை, நான் அடிக்கடி சந்திக்கிறேன். அந்த ஆங்கிலச் சொல் வலிமையுடையதாதலைக் குறித்த 'வலேரே' என்ற லத்தீன் வினையின் பேரப்பிள்ளை. நம்முடையது விற்றலின் பிள்ளை. இருவர் முகமும் ஒத்திருக்கிறது என்பதற்காக இரு குடும்பங்களுக்கும் பொதுப் பாட்டன் ஒருவனை உண்டாக்க முடியாது.

பழங்காலத்தில் விலைக்குப் போட்டியாக இரண்டு சொற்கள் இருந்தன. ஒன்று 'நொடை'. நொடுத்தல் என்றால் விற்றல். மீனை நொடுத்து நெல்லைக் குவிக்கின்ற முசிறித் துறையின் காட்சி புறநானூற்றின் 343ஆம் பாட்டில் இருக்கிறது. நொடையும் நொடுத்தலும் முற்றிலும் மாண்டுபோயின. மற்றொன்று 'கொள்ளை'. அகநானூற்றின் 140ஆம் பாட்டில் அம்மூவனார், உப்பின் விலையைக் கூறிக்கொண்டு மலைநாட்டை நோக்கிப் போகின்ற உமணரைக் காட்டுகின்றபோது அந்த விலைக்குக் 'கொள்ளை' என்றே பெயர் சொல்லுகிறார். வில் என்பது விற்பவன் பக்கத்துச் சொல். கொள் என்பது வாங்குபவன் பக்கத்துச் சொல். ஒரே தொகையை இரு பக்கத்திலிருந்தும் பெயரிட்டு அழைத்தார்கள், விற்றவன் வென்றான். வாங்குபவனுடைய சொல் பிற்காலத்தில் சூறையாடுதல் என்ற ஒரே பொருளில் நின்றுவிட்டது. கல்யாண மாதங்களில் நகைக்கடைக்குப் போய்விட்டு வருகிறவர்கள் சிலர், அந்தப் பழைய பொருளே பொருத்தம் என்று வாதிக்கக்கூடும்.

அதே பாட்டில் உமணர் மகள், நெல்லுக்கு நேர் அளவு உப்பு என்று கை வீசிக் கூவிக்கொண்டு சேரியில் போகிறாள். காசு என்ற பேச்சே அங்கே இல்லை. ஒரு படிக்கு ஒரு படி. பெரும்பாணாற்றுப்படையில் மோர் விற்கின்ற ஆய்மகளோ, நெய்க்கு விலையாகப் பொன்னை நீட்டினாலும் ஏற்றுக்கொள்ளாமல், எருமையும் பசுவுமாகவே பெற்றுக்கொள்ளுகிறாள். இந்தப் பண்டமாற்று உலகத்தின் முத்திரை கன்னடத்தில் இன்றும் அழியாமல் இருக்கிறது: நமக்கு ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பெறுதலாகிய 'மாறு' என்ற வினை, கன்னடத்தில் விற்றலுக்கே பெயராகிவிட்டது. பின்னாளில் நிலம் விற்றவர்கள் எழுதிக்கொடுத்த பத்திரத்துக்குச் சோழர் காலத்தில் 'விலையாவணம்' என்று பெயர். நாம் இன்று பதிவு அலுவலகத்தில் 'கிரயப் பத்திரம்' என்கிறோம். கிரயம் வடமொழியில் வாங்குதல். கொள்ளையில் தோற்ற வாங்குபவன் பத்திரத்தில் ஜெயித்துவிட்டான் என்று வைத்துக்கொள்ளலாம்.

விலை கன்னடத்தில் 'பெலெ'. இதைக் கேட்டவுடன் உறவு தெரியாமல் மயங்குகின்றவர்களுக்கு, ஒலிமாற்ற விதி கைகொடுக்கும். தமிழில் சொல்முதலில் வகரம் வருமிடத்தில் கன்னடத்தில் பகரம் வருவது பொதுவிதி: வாழை அங்கே 'பாளெ', வேர் 'பேரு', வயல் 'பயலு'. அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ இருக்குமானால் முன்னுள்ள இகரம் எகரமாவது மற்றொரு விதி: இலை அங்கே 'எலெ', நிலை 'நெலெ', நிலம் 'நெல'. இரண்டு விதிகளும் கூடிய இடத்தில் விலை 'பெலெ' ஆவதைத் தவிர வேறு வழியில்லை. தெலுங்கில் வகரம் மாறாமல், இகரம் மட்டும் மாறி, 'வெல' ஆயிற்று. இந்த வெலவை நாம் கேட்டதில்லையா? 'என்ன வெல?' என்று நம்முடைய சந்தைகளில் தினந்தோறும் கேட்கிறார்கள். 'நெலம்' என்றும் 'எல' என்றும் சொல்லுகிறார்கள். படிப்பில்லாதவர்களின் கொச்சை என்று பண்டிதர்கள் முகம் சுளிக்கின்ற இவ்வுச்சரிப்பு, கன்னடமும் தெலுங்கும் மேற்கொண்ட அதே விதியின்படி ஒழுங்காக நடப்பதாகும். டி. பர்ரோவும் எம். பி. எமனோவும் தொகுத்து 1961இல் முதற்பதிப்பாகவும் 1984இல் திருத்தப்பதிப்பாகவும் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியைப் புரட்டுகிறவர், எழுத்தறியாத மொழிகளின் வாய்ச்சொற்களும் அதில் இலக்கியச் சொற்களுக்குச் சமமான ஆசனம் பெற்றிருப்பதைக் காண்பார்.

வாய்ச்சொல் என்றவுடன் கொங்கு நாட்டுச் சமையலறை நினைவுக்கு வருகிறது. அங்கே 'செலவு' என்றால் மிளகு, சீரகம், மல்லி முதலிய சரக்குகள். 'செலவு ரசம்' என்பது சளிக்கும், பிள்ளை பெற்ற தாய்க்கும் வைத்துக் கொடுக்கின்ற காரமான ரசம். தானியமும் பருப்பும் தோட்டத்தில் விளைய, பாலும் நெய்யும் பட்டியில் கிடைக்க, காசைக் கொடுத்துக் கடையில் வாங்கவேண்டியதாக இருந்தது இந்தச் சரக்கு ஒன்றே. ஆகவே காசு போன வழியின் பெயர், அதனால் வந்த பொருளுக்கு ஆகிவிட்டது என்பது என்னுடைய அனுமானம். வெளிநாட்டார் ஒருவர் இந்த ரசத்தின் பெயரை அகராதியின் துணைகொண்டு மொழிபெயர்த்தால் என்ன ஆகும் என்பதை வாசகரின் கற்பனைக்கு விட்டுவிடுகிறேன்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரையில் ஆறு தொகுதிகளாகவும், 1939இல் ஓர் அநுபந்தமாகவும் வெளிவந்தது. இலக்கியத்திலும் கல்வெட்டிலும் உள்ளவற்றை அது பெருமுயற்சியோடு திரட்டித் தந்தது. ஆனால் வீட்டுக் கணக்கேடுகளிலும் கடைப் பேரேடுகளிலும் கிடக்கின்ற சொற்களை முழுவதும் திரட்டுவது எந்த ஒரு குழுவாலும் ஆகக்கூடிய காரியமன்று. பாட்டனார் எழுதிய கணக்கு நோட்டோ, கல்யாணச் செலவு ஏடோ உங்கள் வீட்டுப் பரணில் இருக்குமானால், அதைப் பழைய காகிதக்காரருக்கு எடைக்குப் போடுவதற்கு முன்னால், செலவுக்கும் விலைக்கும் நிலுவைக்கும் அதில் என்னென்ன சொற்கள் எழுதியிருக்கின்றன என்று ஒரு முறை பார்த்து, ஊரையும் ஆண்டையும் சேர்த்துக் குறித்து, அருகிலுள்ள நூலகத்திலோ கல்லூரித் தமிழ்த்துறையிலோ கொடுத்துவிடுங்கள்.